பந்தயமோ, காப்போ?

போடியார் ஒருவர் வெள்ளாமை அறுவடைக்கு இரண்டு மாதம் முன்னரே ஆலைக்காரரிடம் நெல்லுக்கு விலை பேசி முடிக்கின்றார் எனக் கொள்வோம். பின்னர் விலை ஏறினும் இறங்கினும் பேசிய விலையே விலை. இது பந்தயமன்று. அவரிடம் நெல் உண்டு. ஆலைக்காரருக்கு நெல் வேண்டும். கொடுக்க நெல்லும் இன்றி, கொள்ளும் எண்ணமும் இன்றி, விலை ஏறுமா இறங்குமா என்பதன் மேல் மட்டும் இருவர் பணம் வைப்பாராயின் அதுவே பந்தயம். அத்தகைய உடன்படிக்கை செல்லாது என்பது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவு.

நெல்லை விடுத்து நாணயத்துக்கு வரும்பொழுதே சிக்கல் தோன்றுகின்றது. கோயம்புத்தூர் ராஜஸ்ரீ சர்க்கரை நிறுவனம், பின்னர் ஆக்சிஸ் வங்கி எனப் பெயர் மாறிய யூ.டி.ஐ. வங்கியுடன் 2007 ஜூன் 22இல் ஒரு பேரம் முடித்தது. அதன்படி நிறுவனத்துக்கு ஓர் இலட்சம் டொலர் கிடைக்கும். ஆனால், சுவிஸ் பிராங்குக்கு எதிரே டொலர் குறித்த எல்லைவரை வீழ்ந்து, மேலே குறித்த மற்றோர் எல்லையைத் தொடாது போயின், 2 கோடி டொலரை முன்பேசிய உயர்ந்த விலைக்கு நிறுவனம் வாங்கியாதல் வேண்டும். வரவுக்கு வரம்பு உண்டு. இழப்புக்கு வரம்பு கூறப்படவில்லை. சர்க்கரை ஆலைக்கும் சுவிஸ் நாணயத்துக்கும் என்ன உறவு என்று வினவத் தோன்றுகின்றதன்றோ?

2008 மார்ச்சில் டொலர் ஒரு பிராங்குக்கும் கீழே சென்றது. ஒப்பந்தம் பந்தயம், பொதுக்கொள்கைக்கு மாறானது, ஆதலின் செல்லாது என்று நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்காடியது. நீதிபதி வி. இராமசுப்பிரமணியன் 2008 ஒக்டோபர் 14இல் அவ்வாதத்தை ஏற்க மறுத்தார். பந்தயமாவதற்கு இரு திறத்தாரும் அதனையே கருதியிருத்தல் வேண்டும். ஒருவர் கருதினார் என்பது போதாது. மேலும், இத்தகைய பேரங்களுக்கு இந்திய ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 45வி பிரிவு இடமளித்திருந்தது. இவ்வங்கியுடன் முன்பும் பல பேரங்கள் செய்த நிறுவனம், நட்டம் வந்தபின் பந்தயம் என்பது எமக்கும் பொருத்தமாய்த் தோன்றவில்லை. எனினும் வரம்பற்ற இழப்பைச் சிறு வரவுக்கு ஈடாக விற்ற வங்கியின் நேர்மை வேறொரு வினா. பந்தயச் சட்டம் அதனை அளப்பதில்லை.

நிற்க. இது அயல்நாட்டு வழக்கு என எண்ணற்க. எண்ணெய் விலை பற்றிய ஹெஜிங் ஒப்பந்தங்களில் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும், தான் செய்தது ஊகவாணிகம், அதற்குத் தனக்கு அதிகாரமே இல்லை என்று இலண்டனில் வாதிட்டது. 2011இல் தோற்று, 2012இல் மேன்முறையீட்டிலும் தோற்றது. ஸ்ராண்டட் சார்ட்டட் வங்கிக்குச் செலுத்துமாறு விதிக்கப்பட்ட தொகை, வட்டி நீங்கலாக, ஏறத்தாழ 16 கோடி டொலர்.