இல்லை என்று சொன்னதற்கும் கணக்கு வேண்டும்

நூலக அறிக்கையில் வருகை எத்தனை, இரவல் எத்தனை, டவுன்லோடு எத்தனை என்றுதான் எழுதுகிறோம். மூன்றும் தேவைதான். ஆனால் அவை நம்மிடம் இருந்ததை மட்டுமே அளக்கின்றன; கேட்டு வந்து கிடைக்காமல் திரும்பிய வாசகர் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. அடுத்த ஆண்டு என்ன வாங்குவது என்று முடிவெடுக்க, விடுபட்டுப்போன அந்தக் கணக்குதான் அதிகம் உதவும் என்பது இந்த எண்களோடு புழங்கியதில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக நூலகம் பற்றி ஆலன் கென்ட் குழுவினர் 1979இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். 1969இல் வாங்கிய நூல்களில் ஏறக்குறைய 40 சதவீதம் 1975 முடியும்வரை ஒருமுறைகூட இரவல் போகவில்லை. தேர்வில் கோளாறு என்று இந்த எண் காட்டிவிடுகிறது. அந்தப் பணத்துக்கு வேறு எதை வாங்கியிருக்கலாம் என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை.

மின்னிதழ்களில் இதற்கு வழி இருக்கிறது. பதிப்பகங்கள் பயன்பாட்டை எண்ணித் தருவதற்கான ‘கவுன்ட்டர்’ நெறிமுறையில், அனுமதி மறுக்கப்பட்ட முயற்சிகளுக்கென்றே தனி அறிக்கை உண்டு. உரிமம் இல்லாததால் மறுத்தது ஒரு வகை; ஒரே நேரத்தில் படிக்கக்கூடியோர் வரம்பு தாண்டியதால் மறுத்தது இன்னொரு வகை. முதலாவது கூடினால் புதுச் சந்தா பற்றி யோசிக்க வேண்டும். இரண்டாவது கூடினால் இருக்கும் சந்தாவிலேயே வரம்பை உயர்த்தக் கேட்கலாம். இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக்கிவிட்டால் ஒன்றுக்கும் உதவாது. விற்பனைப் பிரதிநிதிகள் இதே மறுப்பு எண்ணைக் காட்டித்தான் புதிய தொகுப்பை நம் தலையில் கட்டுவார்கள் என்ற ஆட்சேபம் நியாயமானது. கூகுளில் தேடும்போது சும்மா தட்டிப் பார்த்ததும் அதில் சேர்ந்திருக்கும். அதனால் ஒரு மாதத்து ஏற்றத்தை நம்பாமல், ஆண்டு முழுக்க அதே இதழ் திரும்பத் திரும்ப வருகிறதா, துறை ஆசிரியர்களும் அதைக் கேட்டிருக்கிறார்களா என்று ஒத்துப் பார்க்க வேண்டும்.

அச்சு நூலுக்கு இரவல் மேசையில் ஒரு நோட்டு போதும். தேதி, கேட்ட நூல் அல்லது பொருள், கிடைக்காத காரணம். வாசகர் பெயர் வேண்டாம். காரணத்தை மூன்றாகப் பிரியுங்கள்: நம்மிடம் நூலே இல்லை; இருக்கிறது, ஆனால் இரவலில் போயிருக்கிறது; கணினியில் இருக்கிறது, அலமாரியில் காணோம். முதலாவதற்கு வாங்க வேண்டும், இரண்டாவதற்கு இன்னொரு பிரதி, மூன்றாவதற்குப் பணமே வேண்டாம், அடுக்கைச் சரிபார்க்க ஆள்தான் வேண்டும். டிஎன்பிஎஸ்சி வழிகாட்டிகளே நோட்டை நிரப்பிவிடும் என்பார்கள். நிரப்பட்டும். கைக்காசு போட்டு அவற்றை வாங்க முடியாத பிள்ளைகள் கிளை நூலகத்தை விட்டால் எங்கே போவார்கள்? எனக்குக் கவலை வேறு: சிறுவர்கள் கேட்பதே இல்லை, தேடியது கிடைக்காவிட்டால் பேசாமல் போய்விடுகிறார்கள். அவர்களிடம் நாமே நோட்டோடு போய், என்ன தேடினாய் என்று கேட்டு எழுத வேண்டும்.