மெமரி கார்டில் இரண்டு டிரைவ்கள் ஏன்? ராஸ்ப்பெரி பை பார்ட்டிஷன் பாடம்

ராஸ்ப்பெரி பை போர்டு வாங்கிய புதிதில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லிவிட்டுப் பாடத்திற்குப் போகிறேன். போர்டில் காமிராவைப் பொருத்தி, மாடித் தொட்டிச் செடிகளைத் தினமும் படம் எடுக்கும்படி ஒரு சிறு புரோகிராம் எழுதி வைத்திருந்தேன். நான்கு மாதப் படங்கள் சேர்ந்ததும் காப்பி செய்யலாம் என்று மெமரி கார்டைக் கழற்றி விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகினேன். இரண்டு டிரைவ்கள் தெரிந்தன. ஒன்றில் நான் பார்த்தே இராத ஃபைல்கள். இன்னொன்றைத் தொட்டதுமே, பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா என்று ஒரு பெட்டி வந்தது. கார்டு கெட்டுவிட்டது என்று நினைத்துக் கிளிக் செய்துவிட்டேன். கார்டு நன்றாகத்தான் இருந்தது. அழிந்தது படங்கள் இருந்த பகுதி!

ஹார்ட் டிஸ்க்கை சி, டி என்று பிரிப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது நம் வசதிக்காகச் செய்வது. ராஸ்ப்பெரி பை கார்டில் உள்ள பிரிவினை அப்படியல்ல. அது இல்லாமல் போர்டு பூட் ஆகாது.

2012-ல் முதல் மாடல் வந்த காலத்திலிருந்தே இந்தப் போர்டில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. ஆபரேட்டிங் சிஸ்டம், உங்கள் ஃபைல்கள் எல்லாமே கார்டில்தான். கரண்ட் கொடுத்ததும் சிப்பில் பதிந்துள்ள சிறிய புரோகிராம் கார்டைப் படிக்க முயலும். அதற்குப் புரிவது ஃபேட் என்ற பழைய, எளிய ஃபைல் அமைப்பு மட்டுமே. ஆனால் லினக்ஸுக்கு ஃபேட் போதாது. ஒரு ஃபைலின் உரிமையாளர் யார், யார் திறக்கலாம், யார் மாற்றலாம் என்ற விவரங்களை அதில் எழுதி வைக்க இடமில்லை. ஆகவே முதலில் ஒரு சின்ன ஃபேட்32 பார்ட்டிஷன், பிறகு எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் பார்ட்டிஷன்.

2023-ல் வந்த புக்வோர்ம் பதிப்பின் கார்டைத் திறந்து பார்த்தால் இப்படி இருக்கும். கார்டின் முதல் செக்டாரில், அதாவது முதல் 512 பைட்டுகளில், பார்ட்டிஷன் டேபிள் இருக்கிறது. அதில் நான்கு பார்ட்டிஷன்களைக் குறிக்க இடம் உண்டு. இங்கே பயன்படுவது இரண்டு. பிறகு 8192-வது செக்டார் வரை ஏறக்குறைய காலியிடம். 8192-ஐ 512-ஆல் பெருக்கிப் பாருங்கள், சரியாக 4 எம்.பி. வரும். இது வீணான இடமல்ல. ஃபிளாஷ் மெமரியில் எழுதியதை ஒவ்வொரு பைட்டாக அழிக்க முடியாது, பெரிய பிளாக்காகத்தான் அழிக்க முடியும். பார்ட்டிஷன் ஒரு பிளாக்கின் நடுவில் தொடங்கினால் எழுதும் வேலை கூடும், கார்டும் சீக்கிரம் தேயும்.

அங்கிருந்து 512 எம்.பி. அளவுக்கு முதல் பார்ட்டிஷன். பெயர் பூட்எஃப்எஸ். முந்தைய பதிப்பில் இது 256 எம்.பி.தான். லினக்ஸ் கெர்னலும், போர்டின் செட்டிங்குகள் அடங்கிய கான்ஃபிக் ஃபைலும் இதில்தான் இருக்கின்றன. சிஎம்டிலைன் என்று இன்னொரு ஃபைலும் உண்டு. லினக்ஸ் எந்தப் பார்ட்டிஷனில் இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்வது அதில் உள்ள ஒரே ஒரு வரி. அதை நோட்பேடில் திறந்து தெரியாமல் எண்டர் தட்டி இரண்டு வரியாக்கினால் போர்டு பூட் ஆகாமல் நிற்கலாம்.

மிச்சமுள்ள இடம் முழுவதும் ரூட்எஃப்எஸ் என்ற இரண்டாவது பார்ட்டிஷன். உங்கள் படங்கள், புரோகிராம்கள் எல்லாம் இங்கேதான். முதன்முறை பூட் ஆகும்போது இந்தப் பார்ட்டிஷன் தானாகவே விரிந்து கார்டை நிரப்பிக்கொள்ளும். (16 ஜி.பி. கார்டு 14.9 என்று காட்டினால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். கம்பெனி ஒரு ஜி.பி.யை நூறு கோடி பைட்டாகக் கணக்கிடுகிறது, விண்டோஸ் அதைவிடக் கொஞ்சம் பெரிதாகக் கணக்கிடுகிறது. அவ்வளவுதான்.)

விண்டோஸ் எக்ஸ்ப்ளோரருக்கு எக்ஸ்ட்4 புரியாது. புரியாததை அது காலி டிஸ்க் என்றே எடுத்துக்கொள்கிறது. 2017-க்கு முன்பு, கழற்றி மாட்டும் கார்டுகளில் முதல் பார்ட்டிஷனை மட்டுமே விண்டோஸ் காட்டியது. அந்த ஆண்டு விண்டோஸ் 10-க்கு வந்த கிரியேட்டர்ஸ் அப்டேட்டிலிருந்து எல்லாவற்றையும் காட்டுகிறது. வசதிதான், ஆனால் ஃபார்மட் பெட்டி வருவதும் அதனால்தான். வந்தால் கேன்சல் செய்யுங்கள். படங்களை எடுக்க, போர்டை ஆன் செய்து, பென் டிரைவைச் செருகி அங்கிருந்தே காப்பி செய்வது சுலபம்.

என்னைப் போல ஏற்கெனவே கிளிக் செய்துவிட்டீர்களா? அந்தக் கார்டில் மேற்கொண்டு எதையும் எழுதாதீர்கள். குவிக் ஃபார்மட் என்றால் ஃபைல்களின் பட்டியல்தான் பெரும்பாலும் போகும். பழைய தகவல்கள் பல அப்படியே கிடக்கும். நான் ஃபோட்டோரெக் என்ற இலவச புரோகிராமை ஓடவிட்டு, மீட்ட படங்களை வேறு டிஸ்க்கில் சேமித்தேன். பெரும்பாலானவை கிடைத்தன. ஃபைல் பெயர்கள் மட்டும் போய்விட்டன. படத்துக்குள்ளேயே பதிந்திருந்த தேதியை வைத்து வரிசைப்படுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் ஆனது. செடிகளைப் படம் எடுத்த புரோகிராமை மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

வேறு வேலைக்குக் கார்டு தேவை, உள்ளே இருப்பது வேண்டாம் என்றால், ராஸ்ப்பெரி பை இமேஜரில் உள்ள எரேஸ் வசதியைப் பயன்படுத்துங்கள். இரண்டு பார்ட்டிஷன்களையும் நீக்கி முழுக் கார்டையும் ஒரே ஃபேட்32 ஆக்கித் தரும். எரேஸ் கொடுக்கும் முன் பட்டியலில் காட்டும் அளவு உங்கள் கார்டின் அளவுதானா என்று பாருங்கள். பக்கத்தில் செருகிய பென் டிரைவும் அதே பட்டியலில் வரும்.