எருமைக் கிடேரி பருவத்துக்கு வர வயது மட்டும் போதாது

"மூன்று வயதாகியும் கிடேரி பருவத்துக்கு வரவில்லையே" என்பது ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் எருமை வளர்ப்போர் பலரின் கவலை. மலடு என்று முடிவு கட்டி, சந்தைக்கு ஓட்டிவிடுவோரும் உண்டு. இது அவசர முடிவு. கருப்பையில் எந்தக் குறையும் இல்லாமல், தீவனக் குறைவால் மட்டுமே பருவம் தள்ளிப்போகும் கிடேரிகள் ஏராளம்.

ஹார்மோன்களின் வேலை

மூளையின் கட்டளைப்படி, அதன் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் கலக்கிறது. ஒன்று சினைப்பையில் முட்டையை வளர்க்கிறது; மற்றொன்று அதை வெளிப்படுத்துகிறது. முட்டை வளரும்போது சுரக்கும் ஈஸ்ட்ரோஜன்தான் பருவ அறிகுறிகளை உண்டாக்குகிறது. அடுத்துச் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் கருவைக் காக்கிறது. கரு தங்காவிட்டால் சுமார் 21 நாளில் மறுபடி பருவம் வரும்.

உடலில் போதிய சதைப்பற்றும் கொழுப்பும் சேராத வரை மூளை இந்தக் கட்டளையை முழுமையாகப் பிறப்பிப்பதில்லை. வளர்ந்த எருமையின் எடையில் 55 முதல் 60 சதம் வந்த பிறகே கிடேரி பருவமடையும். முர்ரா கலப்புக் கிடேரிக்கு இது ஏறக்குறைய 270 கிலோ.

கணக்குப் பாருங்கள்

பிறக்கும்போது 30 கிலோ இருந்த கன்று, நாளொன்றுக்கு 400 கிராம் வளர்ந்தால் 20 மாதத்தில் 270 கிலோவை எட்டும். 250 கிராமே வளர்ந்தால் 32 மாதம் ஆகும். ஓராண்டுத் தீவனச் செலவும் ஓராண்டுப் பாலும் நஷ்டம்.

தராசு வேண்டியதில்லை. மார்புச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கவும். தோள் முனையிலிருந்து பின்புற எலும்பு வரையுள்ள நீளத்தால் மீண்டும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் உத்தேச எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 62, நீளம் 46 என்றால் எடை 268 கிலோ.

செய்ய வேண்டியவை

வைக்கோலில் புரதமும் பாஸ்பரஸும் குறைவு; அதை மட்டும் போட்டு வளர்க்கக் கூடாது. பசுந்தீவனத்துடன், ஓராண்டு கடந்த கிடேரிக்குத் தினமும் ஒன்றரை முதல் 2 கிலோ அடர்தீவனம், 30 கிராம் தாது உப்புக் கலவை கொடுக்கவும். குடற்புழு நீக்கம் தவறக் கூடாது.

சித்திரை, வைகாசி வெயிலில் பருவம் மங்கிவிடும். கண்மாயில் நீர் வற்றியிருந்தால் நிழலில் கட்டி, நாளைக்கு இரண்டு மூன்று முறை உடம்பில் தண்ணீர் ஊற்றவும்.

எருமையில் ஊமைப் பருவம் அதிகம், கத்தாமலே இருந்துவிடும். அறிகுறிகள் பெரும்பாலும் இரவிலும் அதிகாலையிலும் தெரியும். கண்ணாடி போன்ற கோழை வடிகிறதா, அடிக்கடி சிறுநீர் கழிக்கிறதா என்று கவனியுங்கள். காலையில் கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் சினை ஊசி போடச் செய்யவும்.

எடை சேராத கிடேரிக்கு ஹார்மோன் ஊசி போட்டுப் பயனில்லை. எடை வந்தும் பருவம் காணாவிட்டால், கால்நடை மருத்துவரிடம் காட்டிச் சினைப்பையைச் சோதித்த பின்பே விற்பதா, வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்யுங்கள்.