பழுதுற்ற பழங்காரும் பகர வேண்டிய உண்மையும்

விற்பவன் அறிந்ததை வாங்குபவன் அறியான். வாணிக வழக்குகள் பலவற்றுக்கு இதுவே வேர். வணிகவியல் மாணவர்களாகிய நாம் இதனைச் சட்டப் பாடத்தில் ஒரு முறையும் பொருளியலில் ஒரு முறையும் படிக்கிறோம். ஓடாது நிற்கும் பழைய கார் ஒன்றை, 'செப்பனிட விரும்புவோர் வாங்கலாம்' என்று விற்கும்போது இவ்விரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோவையும் பழைய வண்டிகளும்

இப்பொருள் கோவைக்குப் புதிதன்று. ஜி. டி. நாயுடு இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டியே எந்திர நுட்பம் பழகினார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பேருந்துடன் தொழில் தொடங்கினார். இன்று அவிநாசி சாலையிலுள்ள ஜீடி கார் அருங்காட்சியகத்தில் பல நாட்டுப் பழங்கார்கள் அணிவகுத்து நிற்பதைக் காணலாம். லேத்துப் பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் நிறைந்த ஊர் இது. கடையில் கிடைக்காத பாகத்தையும் கடைந்து கொடுக்க ஆள் உண்டு. ஆகவே ஓடாத கார் இங்கே வெறும் இரும்பன்று. ஒரு வேலைக்கான மூலப்பொருள்.

சட்டம் கூறுவது

1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, சில விலக்குகள் நீங்கலாக, பொருளின் தரத்தை ஆராய்ந்து கொள்ளும் பொறுப்பை வாங்குபவர்மீதே வைக்கிறது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவோ மோசடி இன்னதென வரையறுக்கிறது. அதிலுள்ள குதிரை எடுத்துக்காட்டுகள் நாம் அறிந்தவையே. நோயுற்ற குதிரையை ஏலத்தில் விற்பவன் வாய் திறவாதிருந்தால் அது மோசடியன்று. ஆனால் வாங்குபவன், 'நீ மறுக்காவிடில் குதிரை நலமுடையது எனக் கொள்வேன்' என்று சொன்ன பின்னும் பேசாதிருந்தால், அந்த மௌனம் பேச்சுக்கு நிகராகும். குறையை அறிந்தே முனைந்து மறைப்பது எந்நிலையிலும் மோசடியே.

எனவே துருவைச் சொல்லாதிருத்தல் வேறு. துருவின் மேல் பட்டி பூசிப் பெயின்ட் அடித்தல் வேறு. முன்னதில் வாதத்துக்கு இடமுண்டு. பின்னதில் இல்லை.

பொருளியல் கூறுவது

அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் பழைய கார்ச் சந்தையை வைத்தே ஓர் ஆய்வுரை எழுதினார். 2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டார். நல்ல காரையும் கெட்ட காரையும் பிரித்தறிய இயலாத இடத்தில் வாங்குபவர் நடுத்தர விலைதான் தருவார். அந்த விலைக்கு நல்ல காரின் சொந்தக்காரர் விற்க மாட்டார்; சந்தையை விட்டு விலகுவார். மிஞ்சுவது கெட்டவை. விலை மேலும் இறங்கும். ஆகவே ஒருவர் மறைத்த குறைக்கு ஊரார் அனைவரும் விலை கொடுக்கின்றனர்.

நான் கண்ட ஒரு விற்பனை

பொள்ளாச்சியருகே எங்கள் அப்புச்சியின் தோப்பில் 1979-இல் பதிவான பிரீமியர் பத்மினி ஒன்று பல்லாண்டுகள் நின்றிருந்தது. விற்பதென முடிவானதும் ஒரு தரகர் வந்தார். தரைத்தகட்டில் ஒட்டுப்போட்டுப் பெயின்ட் அடித்தால் நல்ல விலை போகும் என்றார். அப்புச்சி இசையவில்லை. "மாட்டுக்குச் சுழி கெட்டதா இருந்தாச் சந்தையிலே சொல்லித்தான் விப்பம். வண்டிக்கு மட்டும் என்ன கண்ணு?" என்று கேட்டுவிட்டுக் குறைகளை எழுதும் வேலையை என்னிடம் விட்டார்.

அவர் மறுத்ததன் பொருளை எழுதும்போதுதான் உணர்ந்தேன். சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குத் தனிச் சட்டம் உண்டு. உடற்கூட்டைக் கழற்றிப் பழுது பார்க்கலாம். பத்மினிக்கோ உடற்கூடே சட்டம். தரைத்தகடும் கதவுக்குக் கீழுள்ள பெட்டிப் பகுதியும் சுமை தாங்குபவை. அங்கே துருவை மூடி விற்றால் வாங்கியவர் இழப்பது பணம் மட்டுமன்று. குடும்பத்தோடு ஏறிச் செல்லும் அவர் உயிரும் ஆபத்துக்குள்ளாகும்.

என் பட்டியலில் பதினான்கு குறைகள் இருந்தன. முதலில் வந்தவர் படித்துவிட்டுப் போய்விட்டார். அடுத்தவர் டார்ச் விளக்குடன் வண்டிக்கடியில் படுத்து, திருப்புளியால் தகட்டைக் குத்திப் பார்த்தார். பதினைந்தாவது குறையையும் கண்டுபிடித்தார். அதையும் எழுதிக் கையொப்பமிட்டோம். தரகர் சொன்னதில் பாதிக்கும் குறைவான விலைதான் கிடைத்தது.

விற்பவர் கருத்தில் கொள்ளத்தக்கவை

1. குறைப்பட்டியலில் இரு தரப்பாரும் கையொப்பமிட வேண்டும். பின்னர் 'மறைத்தார்' என்ற குற்றச்சாட்டுக்கு அதுவே விடை.

2. செப்பனிட்ட காரின் மதிப்பிலிருந்து செலவைக் கழித்து விலை குறிக்க வேண்டும். செப்பனிட்டால் நான்கு லட்சம் பெறும், செலவு இரண்டரை லட்சம் எனக் கொண்டால், மிச்சம் ஒன்றரை லட்சம். பிரித்த பின்னரே தெரியும் பழுதுக்காகவும், வாங்குபவரின் உழைப்புக்காகவும் அதிலும் குறைக்க வேண்டும்.

3. கழன்று கிடக்கும் மூலப் பாகங்களை எடைக்குப் போடலாகாது. 2021-இல் வந்த மத்திய விதிகளின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, மூல வடிவம் பெரிதும் மாறாத சொந்த வண்டிகளே பழம்பெரும் வண்டிகளாகப் பதிவாகும்.

4. ஆர்.சி. புத்தகத்திலுள்ள எஞ்சின், சட்ட எண்களை வண்டியோடு ஒப்பிட வேண்டும். பதினைந்து ஆண்டு கடந்தும் பதிவு புதுப்பிக்கப்படாவிடில் அதையும் சொல்ல வேண்டும்.

5. மோட்டார் வாகனச் சட்டம் 50-ஆம் பிரிவின்படி, மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பதிவேட்டில் பெயர் உள்ளவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. எனவே ஓடாத வண்டிதானே எனப் பெயர் மாற்றாது விடுதல் கூடாது.

முடிவுரை

சட்டம் மௌனத்தை ஓரளவு பொறுக்கிறது. சந்தை அந்த மௌனத்தைப் பொறுப்பதில்லை. அடுத்து விற்க வருபவரின் விலையில் அதனைக் கழித்துக் கொள்கிறது. சட்டம் எவ்வளவு அனுமதிக்கிறது என்று பார்ப்பதோடு நின்றுவிடாமல், வாங்குபவர் எதை அறிந்தால் தீங்கின்றி இருப்பார் என்றும் பார்ப்பதே வணிகம் பயிலும் நமக்கு அழகாகும்.