மாத்திரையில் இருக்கும் மாவு

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரம் தோசைக்கடையில் நீ கேட்டது இன்னும் காதைக் குடைகிறது. "பாட்டியின் தைராய்டு மாத்திரையில் மருந்து 50 மைக்ரோகிராம்தான், பாக்கியெல்லாம் மாவு. மாவை விற்றுத்தானே ஐயா காசு பார்க்கிறார்கள்?" மருந்தியல் டிப்ளோமா படிக்கிறவன் வாயிலிருந்து வருகிற பேச்சா இது!

ஒரு கிராமை 20,000 பங்காக்கினால் ஒரு பங்குதான் 50 மைக்ரோகிராம். அதை மட்டும் தாளில் மடித்துக் கொடுத்தால், பிரிக்கும்போதே பாட்டியின் மூச்சில் பறந்துவிடும். மாவு இருப்பதால்தான் அந்தத் துளி கைக்குப் பிடிபடுகிறது. மொத்தமாகக் கொட்டிக் கிளறினாலும் ஆகாது. மருந்தின் அளவுக்கு மாவு, பிறகு அந்தக் கலவையின் அளவுக்கு மாவு என்று படிப்படியாகப் பெருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு மாத்திரையில் இரட்டிப்பு, அடுத்ததில் வெறும் மாவு.

மாத்திரை என்ற சொல்லையே கொஞ்சம் கவனி. குறிலுக்கு 1, நெடிலுக்கு 2, மெய்க்கு ½ என்று பள்ளியில் படித்தாயே, அதே மாத்திரைதான். கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம். சொல்லின் பொருள் அளவு. குளிகை என்றால் உருட்டியது, மாத்திரை என்றால் அளந்தது. ஆங்கிலக்காரன் டேப்லெட் என்று வடிவத்துக்குப் பெயர் வைத்தான், நாம் அளவுக்கு வைத்தோம் என்பது என் கட்சி. வடசொல்தானே என்று சண்டைக்கு வராதே. தொல்காப்பியரே கூச்சப்படாமல் எடுத்தாண்ட சொல்.

1843-இல் லண்டனில் காப்புரிமை வாங்கிய வில்லியம் பிராக்கெடன் மாவே இல்லாமல் தூளை அச்சில் அழுத்தியே மாத்திரை செய்தாரே என்பாய். அவர் ஓவியர், பென்சில் கரித்தூளை இறுக்கப் போய் மருந்துக்கு வந்தவர். சில உப்புகள் அழுத்தினால் தாமாகவே ஒட்டும். பாராசிட்டமோலை வெறுமனே அழுத்திப் பார், மேல்பகுதி தொப்பி கழன்றதுபோல் தனியே வந்துவிடும். அதற்குத்தான் மாவு. கஞ்சியாகக் காய்ச்சி ஊற்றினால் ஒட்டும். அதே மாவைக் காயவைத்துச் சேர்த்தால், வயிற்றில் நீர் பட்டதும் உப்பி மாத்திரையை உடைக்கும். ஒட்டுவதும் உடைப்பதும் ஒரே மாவு!

கிள்ளான் துறைமுகக் கிடங்கு ஒன்றில் இன்னொரு மாத்திரையைப் பார்த்தேன். தானியத்துப் பூச்சியைக் கொல்லும் அலுமினியம் பாஸ்பைடு. 3 கிராம் மாத்திரை, காற்றின் ஈரம் பட்டே 1 கிராம் பாஸ்பீன் வாயுவைக் கக்கும். ஆளையும் கொல்லும் நஞ்சு. செறிவு கூடினால் தானாகத் தீப்பற்றும். கூடச் சேர்த்திருக்கும் அம்மோனியம் கார்பமேட் பூச்சியைக் கொல்வதற்கல்ல. அது விடும் கரியமில வாயு தீயை அடக்கும், அம்மோனியா நெடி மூக்கில் ஏறி ஆளை விரட்டும். உன் கணக்கில் அதுவும் வெறும் மாவுதான். அதை எடுத்துவிட்டு அந்தக் கிடங்குக்குள் நீ போவாயா?

அடுத்த முறை செய்முறைக் குறிப்பேட்டைக் கொண்டு வா. அச்சில் ஒட்டாமலிருக்கச் சேர்க்கும் மெக்னீசியம் ஸ்டியரேட் 1 சதவீதம் என்று எழுதியிருப்பாய், சரி. எத்தனை நிமிடம் கலந்தாய்? அதிக நேரம் கலந்தால் துகள்மேல் மெழுகாகப் படிந்து மாத்திரை கரையாமல் அடம்பிடிக்கும். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் தோசை உன் செலவு.

அன்புடன்,
உன் ஐயா