ஜோடி ரிலே ஓட்டப் போகிற தங்கச்சிக்கு

குளுவாங் பக்கம் மலை சைக்கிள் ஓட்டுகிற நம் பெண்களுக்கு ஜம்போரி பழகிப்போன விஷயம். காலையில் கூட்டமாகக் கிளம்புவோம், செம்பனைக்குள் முப்பது நாற்பது கிலோமீட்டர் சுற்றுவோம், மதியச் சாப்பாடும் அதிர்ஷ்டக் குலுக்கலுமாக வீடு திரும்புவோம். நீண்ட நேர ரிலே அப்படி இல்லை. ஒரே சுற்றுப்பாதை. 6 மணி நேரமோ, 12 மணி நேரமோ, 24 மணி நேரமோ, நேரம் முடியும்வரை ஒருவர் மாற்றி ஒருவர் அதையே சுற்ற வேண்டும். நால்வர் அணி என்றால் ஒரு சுற்று முடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கி எழலாம். இருவர் அணியில் நீ இறங்கினால் அவள், அவள் இறங்கினால் நீ.

1992-இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் லேர்ட் நைட் என்பவர் நடத்திய 24 மணி நேரப் போட்டிதான் இந்த வகைக்குப் பெரிய தொடக்கம். தென்னாப்பிரிக்காவில் 2004 முதல் நடக்கும் கேப் எபிக் போட்டியிலும் இருவர் அணிதான். ஆனால் அங்கே இருவரும் சேர்ந்தே ஓட்ட வேண்டும். இடையில் இரண்டு நிமிடத்துக்கு மேல் விலகினால் தண்டனை உண்டு. ரிலேயில் நேர் எதிர். நாள் முழுக்க ஒரே அணியில் இருந்தும், கைமாற்றும் இடத்தில் சில நொடிகள்தான் உன் ஜோடியைப் பார்ப்பாய். அந்த நொடிகளில் எதையும் பேசி முடிவெடுக்க முடியாது. அதனால் பேச வேண்டியதையெல்லாம் முந்தின இரவே பேசிவிடுங்கள். நான் சொல்லப் போகிற மற்ற எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது.

ஜோடி சேர, உன் வேகத்துக்குச் சரிசமமான ஆள் தேவையில்லை. உண்மை சொல்கிற ஆள்தான் தேவை. "கால் பிடிக்கிறது, அடுத்த சுற்று மெதுவாகத்தான் வருவேன்" என்று வாய்விட்டுச் சொல்கிறவளோடு நீ கணக்குப் போட்டு ஓட்டலாம். "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்று பல்லைக் கடித்துக்கொண்டு போய், பாதி வழியில் உட்கார்ந்துவிடுகிறவளுக்காக நீ கைமாற்றும் இடத்தில் வெயிலில் காய்ந்துகொண்டு நிற்க வேண்டியிருக்கும். தோட்டத்துக்குள் பல இடங்களில் போன் சிக்னல் கிடைக்காது. ஆகவே ஒரு தாளில் எழுதி வையுங்கள்: ஒரு சுற்றுக்கு ஒவ்வொருவருக்கும் எத்தனை நிமிடம், எந்த நேரத்தில் யார், ஒருத்தி சொன்ன நேரத்துக்கு மேல் 20 நிமிடம் தாமதித்தால் மற்றவள் யாரிடம் போய்ச் சொல்வது. வந்து சேர்ந்ததும் தன் நேரத்தையும் பாதையில் பார்த்ததையும் அந்தத் தாளிலேயே குறிக்கட்டும். "மூன்றாவது இறக்கத்தில் மட்டை விழுந்து கிடக்கிறது" என்ற ஒரு வரி அடுத்தவளின் முகத்தைக் காப்பாற்றும்.

விதிமுறைத் தாளையும் இருவரும் தனித்தனியே படியுங்கள். சில போட்டிகளில் நேரம் முடியுமுன் தொடங்கிய சுற்று கணக்கில் சேரும். சிலவற்றில் நேரத்துக்குள் முடித்தால்தான் சேரும். கடைசி ஒரு மணி நேரத்தில் இந்த வித்தியாசம் ஒரு முழுச் சுற்று. கைமாற்றுவது குச்சியா, மணிக்கட்டுப் பட்டையா, கணுக்காலில் கட்டும் சிப்பா என்பதையும் பார்த்துக்கொள்.

ஓய்வு நேரத்து வேலை

ஜோடி ஓட்டுகிறவர்கள் தோற்பது பெரும்பாலும் சைக்கிள் மேல் இல்லை, கீழே இறங்கிய பிறகுதான். ஒரு சுற்று 50 நிமிடம் என்று வை. உனக்கும் 50 நிமிட ஓய்வு கிடைக்கிறது. கேட்க நிறைய மாதிரி இருக்கும். மூச்சு அடங்கி, முகம் கழுவி, சேறு துடைக்க 10 நிமிடம். சாப்பிட 10. செயினைத் துடைத்து ஆயில் விட்டு, பிரேக்கைப் பார்க்க 10. அடுத்த சுற்றுக்குப் பாட்டில் நிரப்பி, கையுறையும் ஹெல்மெட்டும் மாட்டி, கைமாற்றும் இடத்துக்கு நடந்து சேர 10. மிச்சம் 10 நிமிடம்தான் உனக்குச் சொந்தம். அந்தப் பத்து நிமிடம் போனைப் பார்க்காதே, வந்தவர்களோடு நின்று பேசாதே. பாயை விரித்து, காலைச் சற்று உயர்த்தி வைத்துப் படு.

வரிசையை மாற்றாதே. முதலில் குடிப்பது, பிறகு சாப்பிடுவது, பிறகு சைக்கிள், கடைசியில் படுப்பது. களைப்பு ஏற ஏற மூளை யோசிக்க மறுக்கும். அப்போது பழக்கம்தான் உன்னை நடத்தும். உதவிக்கு அம்மாவோ தம்பியோ வந்தால் அவர்களிடமும் இந்த வரிசையைக் கொடு. "என்ன வேண்டும்?" என்று அவர்கள் கேட்க வேண்டாம். சாதத்தைக் கையில் கொடுத்து, "சாப்பிடு" என்று சொன்னால் போதும்.

பகலில் ஒவ்வொரு சுற்றாக மாறுவதே நல்லது. குளுவாங் வெயிலில், காற்றில் இருக்கிற ஈரத்துக்கு வியர்வை சீக்கிரம் காயாது, உடம்பும் குளிராது. இரண்டு சுற்றைச் சேர்த்து ஓட்டினால் இரண்டாவது சுற்று படுத்துவிடும். இரவில் இந்த முறையை மாற்றிக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு சுற்று என்றால் மற்றவளுக்கு ஒரு மணி நேரமாவது கண் மூடக் கிடைக்கும்.

முதல் சுற்றில் கூட்டத்தோடு பாயாதே. ஏற்றத்தில் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில் போ. பயிற்சியையும் அதற்கேற்றபடி அமைத்துக்கொள். மூன்று மணி நேரம் ஒரே மூச்சாக ஓட்டுவதைவிட, ஒரு மணி நேரம் ஓட்டி, ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ஆறிப்போன காலோடு மறுபடி ஏறி ஓட்டிப் பார். ஜோடி ரிலேயில் உடம்புக்கு மிகக் கடினமானது அந்த மறுபடி ஏறுகிற முதல் ஐந்து நிமிடம்தான். இந்தப் பயிற்சிக்குக் குளுவாங்கின் லம்பாக் மலைப் பக்கத்து மேடுகள் போதும். நடப்பவர்களுக்கான மலைப் பாதையில் மட்டும் சைக்கிளைக் கொண்டு போகாதே.

சாப்பாடு

மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு கப் சோற்றில் ஏறக்குறைய 45 கிராம் இருக்கிறது. உப்புப் போட்ட தயிர்சாதம், குழைந்த கஞ்சி, பேரீச்சம்பழம், பிசாங் மாஸ் எல்லாம் நம் வயிறு அறிந்தவை. போட்டியன்று புதிதாக எந்த ஜெல்லையும் வாங்கிச் சாப்பிடாதே. நாசி லெமாக் எனக்கும் உயிர்தான், ஆனால் தேங்காய்ப்பாலின் கொழுப்பு சீக்கிரம் செரிக்காது. அதை முடிந்த பிறகு வைத்துக்கொள்.

தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைசுற்றும், வாந்தி வரும், அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து. மருந்தகத்தில் கிடைக்கும் ஓஆர்எஸ் பொட்டலங்களை வாங்கி வை. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டரில் 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் இருக்கும். வியர்வை கொட்டுகிற நாளில் வெறும் தண்ணீருக்கு இடையிடையே அதைக் குடி. குளுவாங் கோப்பி இல்லாமல் நமக்கு எதுவும் நடக்காது. சரி, ஃபிளாஸ்கில் கொண்டு வா. ஆனால் கடைசி மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்கு எடுத்து வை. அடுத்து தூங்கப் போகிறவளுக்குக் கொடுக்காதே.

சைக்கிள்

இருவரும் ஒரே சக்கர அளவு, ஒரே வகை பிரேக் பேட், ஒரே செயின் வைத்திருந்தால் ஒரு பெட்டி உதிரிப் பொருள் இருவருக்கும் போதும். கியர் ஹேங்கர் மட்டும் சைக்கிளுக்குச் சைக்கிள் மாறலாம். ஆளுக்கு ஒன்று தனியாக வாங்கு. செம்பனை மட்டையின் அடியில் இருக்கிற முள் சாதாரண டியூபை விட்டுவைக்காது. டியூப்லெஸ் டயரில் புது சீலன்ட் ஊற்றிக்கொள். அறுபது கிலோ எடை உள்ளவளுக்கு ஈரச் செம்மண்ணில் 20 முதல் 25 பிஎஸ்ஐ காற்று சரியாக இருக்கும். சேறும் மணலும் ரெசின் பேடை ஒரே நாளில் தின்றுவிடும். மெட்டல் பேட் நின்று பிடிக்கும். ஆனால் உன் டிஸ்கில் ரெசின் மட்டும் என்று பொறித்திருந்தால் மெட்டல் பேட் போடாதே.

இருட்டில் ஓட்ட இரண்டு விளக்கு வேண்டும். ஹேண்டிலில் ஒன்று பாதைக்கு, ஹெல்மெட்டில் ஒன்று நீ திரும்பிப் பார்க்கிற வளைவுக்கு. நம் பாட்டிமார் விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இதே ஜொகூர் மண்ணில் பால்மரம் வெட்டப் போனவர்கள். இந்தப் பாதைகளில் இரவில் நீ ஓட்டுவதை யாராவது விநோதமாகப் பார்த்தால் அதை நினைத்துக்கொள்.

பெண்களுக்கு மட்டும்

பின்னலைக் கழுத்தோடு தாழ்வாகப் போடு. கொண்டை இருந்தால் ஹெல்மெட் சரியாக உட்காராது. சைக்கிள் ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை வேண்டாம். சில சுற்றுகளுக்கு ஒருமுறை ஷார்ட்ஸை மாற்று, உராயும் இடத்தில் கிரீம் தடவு. மாதவிலக்கு நாளில் போட்டி வந்தால் ஒதுங்க வேண்டியதில்லை. ஷார்ட்ஸின் பஞ்சுக்கு மேல் நாப்கினும் சேர்ந்தால் தோல் புண்ணாகிவிடும். கப் பயன்படுத்த நினைத்தால் இரண்டு மூன்று மாதம் முன்பே பழகு. கை கழுவச் சுத்தமான தண்ணீரும் உடை மாற்ற மறைவிடமும் முன்பே ஏற்பாடு செய்துகொள். வயிற்றுவலிக்கு ஐபுபுரொஃபன், மெஃபெனமிக் அமிலம் வகை மாத்திரைகளை ஓட்டும்போது போடாதே. நீர் வற்றிய உடம்பில் அவை சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். உன் நாள் இது என்று ஜோடியிடம் சொல்லிவிடு, கூச்சப்படாதே.

தோட்டத்துக்குள்

பயிற்சிக்குத் தோட்டத்துக்குள் போகும்போது அலுவலகத்திலோ காவல் சாவடியிலோ கேட்டுக்கொண்டு போ. குலை வெட்டுகிற நாளில் லாரியும் டிராக்டரும் வளைவில் திடீரென்று வரும். தனியாகப் போகாதே. எலி இருக்கிற இடத்தில் நாகமும் இருக்கும். அடுக்கிய மட்டைக் குவியலில் காலை வைக்காதே. பிற்பகல் இடி கேட்டால் மேட்டிலிருந்து இறங்கிவிடு.

முடிந்த பிறகு

2000-ஆம் ஆண்டு சபாவில் நடந்த இகோ சேலஞ்ச் என்ற சாகசப் போட்டிக்குப் பிறகு பல வீரர்களுக்குக் காய்ச்சல் கண்டது. விசாரிக்க முடிந்த 189 பேரில் 80 பேரிடம் எலிக்காய்ச்சலுக்கான அறிகுறிகள் இருந்தன. இங்கே கென்சிங் திக்குஸ் என்று சொல்கிற அதே நோய்தான். தோட்டத்துச் சேற்றிலும் தேங்கிய நீரிலும் இதன் கிருமி இருக்கலாம். பாட்டில் வாயை மூடியிட்டு வை, சேறு பட்டால் துடைத்துவிட்டுக் குடி, சிராய்ப்பை உடனே சோப்புப் போட்டுக் கழுவு. போட்டி முடிந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் ஓட்டிய களைப்பு என்று விடாதே. கிளினிக்கில் டாக்டர் கேட்காவிட்டாலும், எந்த நாளில் எந்தத் தோட்டத்துச் சேற்றில் ஓட்டினாய் என்று நீயாகவே சொல். உன் ஜோடிக்கும் போன் போட்டு, அவளுக்கு எப்படி இருக்கிறது என்று கேள்.