முகநூலும் முகமறிந்த உறவும்

2004-ஆம் ஆண்டில் இரண்டு முயற்சிகள் தொடங்கின. ஒன்று, அமெரிக்க நாட்டுக் கல்லூரி மாணவர் சிலர் தமக்குள் பழகுவதற்காக அமைத்த முகநூல். மற்றொன்று, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நடத்திய துல்லியப் பண்ணையத் திட்டம். முன்னது இன்று நம் ஊர்த் திண்ணை வரை வந்துவிட்டது. அதனை நன்கு பயன்படுத்தும் வழியைப் பின்னதிடமிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம்.

அத்திட்டம் மூன்றாண்டுகளில் 400 ஹெக்டேர் நிலத்தில் சொட்டுநீர்ப் பாசனத்தையும், நீர்வழி உரமிடுதலையும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதில் ஈடுபட்ட விவசாயிகள் சங்கங்களாகச் சேர்ந்தனர். ஒருவர் வயலை மற்றொருவர் கண்டறிந்தனர். சொன்னவர் யார், அவர் நிலம் எத்தகையது, அவர் கண்ட பலன் யாது என்பது கேட்டவருக்குத் தெரியும். ஆதலால் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. முகநூலிலும் வாட்ஸ்அப் குழுவிலும் நாம் நாட வேண்டியது இத்தகைய உறவே அன்றி, ஆயிரம் பெயர்கள் கொண்ட பட்டியல் அன்று.

கேட்கும் முறை

பாலக்கோடு பகுதியில் ஒருவர் தக்காளி பயிரிட்டிருக்கிறார். இலைகள் சுருண்டு வெளிறுகின்றன. படத்தைக் குழுவில் இட்டு, "என்ன மருந்து?" என்று மட்டும் கேட்டால் பத்துப் பேர் பத்து மருந்துகளைச் சொல்வர். அது வெள்ளை ஈயால் பரவும் இலைச்சுருள் நச்சுயிரி நோயாக இருப்பின், நோயுற்ற செடியைக் குணமாக்கும் மருந்தே கிடையாது. அச்செடியைத் தொடக்கத்திலேயே பிடுங்கி அகற்றி, ஈயைக் கட்டுப்படுத்துவதே வழி. இதனை அறியாமல் தெளித்த மருந்தின் செலவும் வீண். கடந்த நாட்களில் நோயும் வயல் முழுவதும் பரவிவிடும். ஆகவே இரகம், நட்ட நாள், நீர் பாய்ச்சிய விதம், முன்பு தெளித்த மருந்து ஆகியவற்றைக் குறிப்பிட்டு, இலையின் இரு புறங்களையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்துக் கேட்பீராக.

ஏற்கும் முறை

விடை கூறியவர் தாமே அப்பயிரைச் செய்தவரா, அல்லது விற்பனை செய்பவரா என விசாரித்தறிக. ஐயம் நீங்காவிடில் செடியைப் பாப்பாரப்பட்டி வேளாண்மை அறிவியல் நிலையத்திற்கு எடுத்துச் செல்க. புதிய முறையைச் சில பாத்திகளில் மட்டும் செய்து பார்க்க. நன்மையோ தீமையோ, கண்ட பலனைக் குழுவில் திரும்பவும் சொல்க. கேட்டுவிட்டு மறைபவருடன் உறவு வளராது.

பரப்பும் முறை

2018 மே மாதத்தில் நம் அண்டை மாவட்டமான திருவண்ணாமலையில், குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற மூதாட்டி ஒருவர், பிள்ளை பிடிப்பவர் என்ற வதந்தியால் அடித்துக் கொல்லப்பட்டார். அவ்வதந்தி வாட்ஸ்அப் வாயிலாகப் பரவியிருந்தது. அதே ஆண்டு ஜூலையில், ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு நம் நாட்டில் வரம்பு விதிக்கப்பட்டது. வரம்பை அந்நிறுவனம் விதிக்கலாம். விவேகத்தை நாம்தான் கைக்கொள்ள வேண்டும். சொன்னவரும் இடமும் நாளும் தெரியாத செய்தியை நம் கையோடு நிறுத்துவதே ஊருக்குச் செய்யும் சேவை.

ஊராட்சி உறுப்பினரின் கடமை

கைப்பேசி இல்லாத முதியோரும் பெண்களும் எல்லாக் குக்கிராமங்களிலும் உள்ளனர். குழுவில் வந்த பயனுள்ள செய்தியை அறிவிப்புப் பலகையில் எழுதுக; கிராம சபையில் வாசிக்க. சபை கூடுவதைக் குழுவில் முன்கூட்டியே அறிவிக்க. திரையில் தொடங்கிய பழக்கம் வரப்பிலும் சபையிலும் தொடர்ந்தால்தான் அது உறவாகும்.

கூடிப் பேசுவதற்குரிய வினாக்கள்

1. நம் குழுவில் உள்ளோருள் எத்தனை பேரின் வயலை நாம் நேரில் கண்டிருக்கிறோம்?

2. சென்ற பருவத்தில் குழுவில் பெற்ற யோசனைகளுள் பலன் தந்தது எது? தவறியது எது?

3. குழுவில் சேர இயலாதோருக்குச் செய்தியைக் கொண்டு சேர்ப்பவர் யார்?